மகளுக்குக் காரைக்குடியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது: சென்னையை விட்டு அனுப்பலாமா?

வில்லிவாக்கம் அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் வடசென்னையில் ஒரு அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண்தான். முதுகலைக்கு மூன்று நான்கு இடங்களில் விண்ணப்பம் போட்டோம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வேதியியலில் இடம் வந்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் அங்கே கேட்கிற பணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர் மாநகரப் பேருந்தில் நடத்துநர். கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை.

பணம் ஒரு பக்கம். சொந்தக்காரர்கள் பேச்சு இன்னொரு பக்கம். "ஊரே படிக்க சென்னைக்கு வருது, நீங்க சென்னையிலிருந்து காரைக்குடிக்கு அனுப்புறீங்களா?" என்று நாத்தனார் கேட்கிறார். சின்ன ஊர்ப் பல்கலைக்கழகம், நேற்று வந்தது, அந்தப் பட்டத்தை எவன் மதிப்பான் என்று கொழுந்தனார் சொல்கிறார். மகளோ, பல்கலைக்கழகங்களை மதிப்பிடுகிற நாக் அமைப்பு கொடுத்த மதிப்பெண் நன்றாக இருக்கிறது, போகிறேன் என்று நிற்கிறாள். நான் பிளஸ் டூ வரை படித்தவள். அந்த மதிப்பெண்ணை நம்பலாமா, கூடாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வளர்ந்தது? போர்டில் பெயர் மாறியதைத்தான் வளர்ச்சி என்கிறார்களா, உள்ளேயும் வளர்ந்திருக்கிறதா? இப்போதும் வளர்கிறதா, இல்லை தேய்கிறதா? நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே பணக் கஷ்டம் என்று செய்தியில் பார்க்கிறோம். அங்கே படித்தவர்களோ, பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்தவர்களோ இருந்தால் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டும்.

அம்பத்தூர் பிளேட்டிங் பதில்:

அக்கா, நான் அதே துறையில் படித்தவன். தொண்ணூறுகளின் கடைசியில். ஊர் தேவகோட்டைப் பக்கம். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த "நேற்று வந்தது" பேச்சுக்கு வருகிறேன். பல்கலைக்கழகம் என்ற சட்டம் வந்தது 1985இல். வேர் 1947இல் இருக்கிறது. அதுவும் சென்னையில்தான் ஆரம்பித்தது என்றால் உங்கள் கொழுந்தனார் நம்புவாரா தெரியவில்லை. அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம் ஒன்று இங்கே நடந்தது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் தங்கள் ஊர்களில் கல்லூரி தொடங்க வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த ராம. அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றார். சொன்ன அதே ஆண்டிலேயே காரைக்குடியில் காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அவர் நம் மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர். கிண்டியில் ஏ.சி. டெக் என்று எல்லாரும் சொல்கிற கல்லூரிக்கும் 1944இல் 5 லட்சம் ரூபாய் கொடுத்தவர் அவர்தான். அந்த 'ஏ.சி.' அவர் பெயர்தான்.

கலைக் கல்லூரிக்குப் பிறகு கல்வியியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, உடற்கல்வியியல் கல்லூரி என்று பத்து ஆண்டுக்குள் வரிசையாக வந்தன. 1957இல், 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, அவர் இறந்துபோனார். எந்த ஊருக்கும் இப்படி ஒரு ஆள் கிடைத்துவிட மாட்டார். ஆனால் நான் அங்கே கற்றுக்கொண்டதெல்லாம் அவர் செய்த வேறொரு காரியத்தால். அதுதான் சிக்ரி.

சிக்ரி என்றால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சுதந்திரம் வந்த கையோடு தேசிய ஆய்வகங்களை எங்கெங்கே வைப்பது என்று டெல்லியில் பேசிக்கொண்டிருந்த காலம். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஒன்றைக் காரைக்குடிக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பெரிய நகரமோ, பெரிய தொழிற்சாலையோ பக்கத்தில் இல்லாத ஒரு வறண்ட ஊரில், பேட்டரி, துருப்பிடித்தல், உலோக முலாம் இவற்றை ஆராய இந்தியா முழுவதிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து குடியேறினார்கள். ஒரே கல்லூரிச் சாலையில் இந்தப் பக்கம் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் சிக்ரி. உங்கள் மகள் சேரப்போகிற பாடத்துக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

சரி, 1985க்கு வருகிறேன். பல்கலைக்கழகம் வளர்ந்தது எப்படி என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து மாவட்டங்களைப் பிரித்துக் கொடுத்து உண்டாக்கப்பட்டவை. மதுரையிலிருந்து 1990இல் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார், கோவையிலிருந்து 1997இல் சேலம் பெரியார், சென்னையிலிருந்து 2002இல் வேலூர் திருவள்ளுவர். இப்படிப் பிறக்கிற பல்கலைக்கழகத்தின் கையில் முதல் நாளே பத்து இருபது கல்லூரிகளைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் பாடத்திட்டம் போட வேண்டும், வினாத்தாள் அச்சடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்தும் முகாம் நடத்த வேண்டும், முடிவு வெளியிட வேண்டும், பட்டச் சான்று அடிக்க வேண்டும். துணைவேந்தர் முதல் எழுத்தர் வரை எல்லாருக்கும் தேர்வுதான் நினைப்பு. சொந்தத் துறைகளும் ஆய்வகங்களும் அதற்குப் பிறகுதான்.

அழகப்பா அப்படிப் பிறக்கவில்லை. அழகப்பர் தொடங்கிய சில கல்லூரிகளையும் அந்த வளாகத்தையும் வைத்துத்தான் அது உருவானது. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் ரொம்ப நாள் மதுரைக்குக் கீழேயே இருந்தன. 2000க்குப் பிறகுதான் இங்கே வந்தன. அதனால் முதல் பதினைந்து ஆண்டுக்கு மேல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலை என்றால் தன் துறைகளை வளர்ப்பதுதான். நான் படித்தது அந்தக் காலத்தின் கடைசியில். துறை சின்னது. ஆசிரியர்களுக்கு எங்கள் ஒவ்வொருவர் பெயரும் தெரியும், ஆய்வகத்தில் எவன் கை நடுங்கும், எவன் கணக்கில் தடுமாறுவான் என்பது வரை தெரியும். வேறு கல்லூரிகளின் விடைத்தாள் கட்டுகளோடு யாரும் முகாமுக்குக் கிளம்பிப் போனதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனாலும் பேராசிரியர் இருப்பார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு பல்கலைக்கழகம் வளர்ந்ததா என்று பார்க்க எல்லாரும் அதன் கீழ் எத்தனை கல்லூரிகள், எத்தனை ஆயிரம் மாணவர்கள் என்று எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை ஒரு அரசாணையால் ஒரே நாளில் ஏற்றிவிடலாம், இறக்கிவிடலாம். விழுப்புரத்தில் 2021 பிப்ரவரியில் சட்டம் போட்டுப் புதுப் பல்கலைக்கழகம் கொண்டுவந்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க இன்னொரு சட்டம் வந்தது. கல்லூரிகளின் பட்டியல் இப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். துறை அப்படி இல்லை. ஒரு ஆசிரியர் வந்து, கருவி வாங்கி, பழுது பார்க்கக் கற்று, நாலு முனைவர் பட்ட மாணவர்களை உருவாக்கி, அவர்களில் ஒருவர் திரும்பி அங்கேயே ஆசிரியராக வருவதற்கு இருபது ஆண்டு ஆகும்.

அந்த இருபது ஆண்டு உழைப்புக்குப் பலன் பிறகு தெரிந்தது. 2017இல் நாக் குழு வந்து நாலுக்கு 3.64 கொடுத்தது. உங்கள் மகள் சொல்வது அதைத்தான் என்று நினைக்கிறேன். கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் நேரில் பார்த்து மதிப்பிடுகிற தேசிய அமைப்புதான் நாக், 1994 முதல் பெங்களூரில் இருக்கிறது. 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, முதல் வகை என்று தனிச் சுதந்திரம் தருகிறது. 2018இல் அந்தப் பட்டியலில் அழகப்பா வந்தது. ரூசா என்ற மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டத்தில் 100 கோடி ரூபாய்க்குத் தேர்வான சில பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. நூற்றாண்டு கடந்த பல பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்காதது அது. எனக்கு அந்தச் செய்தி வந்த அன்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

என் பிழைப்பு எப்படி என்பதையும் சொன்னால்தான் உங்களுக்குத் தெளிவாகும். இறுதிப் பருவத்தில் என் ஆய்வுத் திட்டம் நிக்கல் முலாம் பற்றியது. ஹல் செல் என்று ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது, 267 மில்லி கரைசல் பிடிக்கும். ஒரு பக்கச் சுவர் சாய்வாக இருக்கும். அதில் ஒரே ஒரு தகட்டை வைத்து மின்சாரம் விட்டால், குறைந்த மின்னோட்டத்தில் முலாம் எப்படி விழும், அதிகத்தில் எப்படிக் கருகும் என்று அந்த ஒரே தகட்டில் தெரிந்துவிடும். சென்னைக்கு வேலை தேடி வந்தபோது நேர்காணலில் முதலாளி பட்டத்தைப் பார்க்கவில்லை. தகடு ஒன்றைக் கையில் கொடுத்து, இந்தத் தொட்டியில் என்ன கோளாறு என்று கேட்டார். பிரைட்னர் என்ற பளபளப்பு தரும் ரசாயனம் அதிகம், கரிம அழுக்கு சேர்ந்திருக்கிறது, கார்பன் போட்டு வடிகட்ட வேண்டும் என்றேன். அன்றைக்கே வேலைக்கு வரச் சொன்னார். இதுவரை இந்தத் தொழிலில் யாரும் என்னிடம், காரைக்குடியா என்று முகம் சுளித்ததில்லை. முலாம், பெயின்ட், பேட்டரித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த ஊர் பெயரே ஒரு சிபாரிசு.

ஒன்று கவனியுங்கள். காரைக்குடியில் அழகப்பா என்ற பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அவை தனி, பல்கலைக்கழகத் துறை தனி. கடிதத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய செக்‌ஷன் ஆபீசர் பதில்:

சகோதரி, மேலே தம்பி எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. தேய்கிறதா என்று கேட்டீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எது என்று சொல்ல வேண்டாம்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் வருகிற வழி நாலைந்துதான். அரசு தரும் தொகுப்பு மானியம், தேர்வுக் கட்டணம், கல்லூரிகளின் இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்விக் கட்டணம், ஆராய்ச்சித் திட்டங்கள். மானியம் சம்பளத்துக்கே முழுதாகப் போதாது. அரசு அனுமதிக்காத பணியிடங்களில் ஆள் இருந்தால் தணிக்கையில் தடை போடுவார்கள், அந்தத் தொகையை மானியத்தில் கழித்துவிடுவார்கள். ஓய்வூதியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஒரு கையெழுத்துக்காகக் கோப்பைத் தலைமைச் செயலகத்துக்கு எடுத்துக்கொண்டு அலைந்த நாள்கள் எனக்கு நிறைய உண்டு.

பல பல்கலைக்கழகங்களைப் பல ஆண்டு காப்பாற்றியது தொலைநிலைக் கல்விதான். வட மாநிலங்களிலும் வளைகுடாவிலும்கூட மையம் வைத்திருந்தார்கள். 2013இல் எல்லை தாண்டி மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி கண்டிப்பாகச் சொன்னது. வரவு சரிந்தது. அந்த வரவை நம்பி ஆள் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகமும் மதுரையும் பழையவை, ஓய்வூதியதாரர்கள் அதிகம். மாவட்டங்கள் பிரிந்துபோக, கல்லூரிகளிடமிருந்து வரும் பணமும் குறைந்தது. 2024 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது வரை போனது. நீங்கள் செய்தியில் பார்த்தது அதுவாக இருக்கும்.

இளைய பல்கலைக்கழகங்களுக்கு ஓய்வூதியச் சுமை குறைவு. அது ஒரு வரம். அவற்றுக்கு வேறு தொல்லை உண்டு. 1972 ஜூன் 17க்குப் பிறகு வந்த பல்கலைக்கழகம் யுஜிசி சட்டம் 12பி பிரிவில் தகுதி வாங்கினால்தான் மத்திய நிதி வரும். அதற்கு நிரந்தர ஆசிரியர், கட்டடம், நூலகம் எல்லாம் காட்ட வேண்டும். பணம் இல்லாமல் அவை வராது, அவை இல்லாமல் பணம் வராது. வேலூரில் கோட்டைக்குள் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையத்தை வைத்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்து, பிறகு சேர்க்காட்டில் வளாகம் கட்டினார்கள். கோட்டைக்குள் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. அப்படி ஒரு இடத்திலிருந்து எழுந்து வருவது லேசான காரியம் இல்லை. அழகப்பாவுக்கு நிலமும் கட்டடமும் முதலிலேயே இருந்தன. மற்றவர்கள் அதைச் சம்பாதிக்கவே பத்து ஆண்டு செலவழித்தார்கள். வளர்ச்சியை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது என்பது என் கருத்து.

இன்றைய நிலையில் எனக்கு உண்மையான கவலை இரண்டு. ஓய்வு பெற்ற பேராசிரியர் இடத்தை நிரப்பாமல் தொகுப்பூதியத்தில் ஆள் போட்டு ஓட்டுவது ஒன்று. துணைவேந்தர் நியமனம் இழுத்துக்கொண்டே போவது இன்னொன்று. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே வழக்கு நடந்து, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், துணைவேந்தர் நியமனத்தை அரசுக்கு மாற்றுகிற மாநில மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த நியமனச் சட்டங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. துணைவேந்தர் இல்லாத இடத்தில் ஒருங்கிணைப்புக் குழு அன்றாட வேலையைப் பார்க்கும். புதிய துறை, புதிய பணியிடம் போன்ற பெரிய முடிவுகள் நிற்கும். இரண்டு ஆண்டு முதுகலை படிக்கிற பெண்ணுக்கு இதனால் பெரிய பாதிப்பு வராது. அந்தத் துறை பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

நாக் மதிப்பெண்ணை நம்பலாமா என்று கேட்டீர்கள். நம்பலாம், ஆனால் அது முழுப் பல்கலைக்கழகத்துக்கும் போட்ட மதிப்பெண், 2017இல் போட்டது. அந்த மதிப்பீட்டுக்குக் காலவரம்பு உண்டு, அதற்குப் பிறகு வந்ததையும் பாருங்கள். உங்கள் மகளுக்கு வேண்டியது அந்த ஒரு துறை. மத்திய அரசின் தரவரிசையில் பங்கேற்கிற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆசிரியர் பட்டியலைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் ஆசிரியர் எந்த ஆண்டு சேர்ந்தார், நிரந்தரமா தற்காலிகமா என்று இருக்கும். மகளை உட்கார வைத்து அந்தத் துறையில் நிரந்தரமாக எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். தனியார் நிகர்நிலைக்கும் இதையே செய்யுங்கள். விளம்பரப் பலகையில் தெரியாதது அதில் தெரியும்.

வில்லிவாக்கம் அம்மா:

சார், தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி முழுக்க மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். மகள் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். காரைக்குடித் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பலர் அங்கேயே பல ஆண்டாக இருப்பவர்கள். தனியாரில் அதே துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் சேர்ந்து ஓரிரு ஆண்டுதான் ஆனவர்கள் அதிகம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வீட்டை விட்டு இருந்ததே இல்லை. அந்த ஊரில் தாக்குப்பிடிப்பாளா? இப்போது அங்கே படிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காசிமேடு பையன் பதில்:

அம்மா, நான் இப்போது அங்கேதான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். ஆனால் காரைக்குடி வளாகத்தில் இல்லை, தொண்டியில். கடலியல் துறை அங்கே கடற்கரையில் தனி வளாகமாக இருக்கிறது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்தில் போக வேண்டும்.

நான் காசிமேடு. அப்பா விசைப்படகில் போகிறவர். கடல் பற்றிப் படிக்க சென்னையிலேயே இடம் இருக்கும்போது தொண்டிக்கு ஏன் என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. நம் பக்கத்துக் கடல் கொஞ்ச தூரத்திலேயே ஆழம். இங்கே பாக் விரிகுடா ஆழமில்லாதது, அலையும் குறைவு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் காலடியில் கடற்புல். அந்தப் புல்லை மேய்ந்து வாழ்கிற கடற்பசுவுக்காக 2022இல் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் கடல் எங்களுக்குப் பக்கத்து வீடு. நாங்கள் மாதிரி எடுக்கக் காலையில் போய் மதியத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். பெரிய நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் இதற்கு வண்டி, பணம், அனுமதி என்று ஒரு பருவமே போய்விடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கருவி பழுதானால் ஆள் வர நாள் ஆகும். சில தேர்வுக்கு, சில கையெழுத்துக்குக் காரைக்குடி வரை போக வேண்டியிருக்கிறது. உதவித்தொகை தாமதமாக வரும்போது கஷ்டமாக இருக்கும். பெண் பிள்ளைகளுக்குக் காரைக்குடி வளாகத்திலேயே விடுதி இருக்கிறது. என்னோடு சேர்ந்த சென்னைப் பெண்கள் முதல் மாதம் வீட்டை நினைத்து அழுதார்கள், தீபாவளிக்குள் பழகிவிட்டார்கள். வெயில் கடுமை. தண்ணீர் சென்னையைவிட நன்றாக இருக்கிறது. என் கூடப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர்கள். அவர்கள் வீட்டுக்கு எட்டுகிற தூரத்தில், எட்டுகிற செலவில் ஆராய்ச்சி வரைக்கும் போக முடிகிறது என்பதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளர்ச்சியாக எனக்குத் தெரிகிறது. திருவாடானைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஆய்வகத்தில் நுண்பாசி வளர்க்கிறாள். அவளுக்கு சென்னைக்கு வந்து படிக்க வழியே இருந்திருக்காது.

அம்பத்தூர் பிளேட்டிங் பதில்:

அக்கா, ஆசிரியர் பட்டியல் பற்றிக் கேட்டீர்கள். வேதியியல் மாதிரிக் கையால் செய்கிற பாடத்தில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிற ஆசிரியர்தான் முக்கியம். அவர்தான் கருவியை ஒழுங்காக வைத்திருப்பார், அவருக்குத்தான் வெளியே நாலு தொழிற்சாலையில் ஆள் தெரியும். ஓரிரு ஆண்டில் மாறுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் மகளின் ஆய்வுத் திட்டம் பாதியில் இருக்கும்போது போய்விடலாம். என் கணக்கில் காரைக்குடிக்கே ஓட்டு.

சார் சொன்ன பணியிடக் கவலை எனக்கும் இருக்கிறது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த இடங்களை நிரந்தர ஆள் போட்டு நிரப்ப வேண்டும் என்று பழைய மாணவர்கள் நாங்களும் எழுதிக்கொண்டிருக்கிறோம். 100 கோடிக்குக் கருவி வாங்கிவிடலாம், அதை இயக்குகிற ஆளுக்கு மாதச் சம்பளம் மாநில அரசுதான் தர வேண்டும். இதைக் கேட்கிற உரிமை நடத்துநர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் எல்லாரையும்விட அதிகம்.

போக்குவரத்துக்குக் கவலைப்படாதீர்கள். பல்லவன் விரைவு ரயில் காலையில் காரைக்குடியில் கிளம்பி மதியத்துக்குள் சென்னை வந்துவிடும். இங்கிருந்து பிற்பகலில் கிளம்பி ராத்திரி அங்கே போய்ச் சேரும். ராமேசுவரம் போகிற இரவு ரயில்களும் அந்த வழிதான். பண்டிகைக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சேர்ந்த முதல் பருவத்திலேயே, இறுதி ஆய்வுத் திட்டத்தை சிக்ரியில் செய்ய என்ன நடைமுறை என்று துறையில் கேட்டுவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் இடம் இருக்காது. அப்புறம், கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது தரமணியில் சிஎஸ்ஐஆர் வளாகத்தில் சிக்ரியின் சென்னைப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். எங்கள் தொழிற்சாலையையும் வந்து பார்க்கட்டும். ஹல் செல்லும், உப்புநீர்ப் புகை அறையும் ஓடிக்கொண்டிருக்கும். 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் நாள்கணக்கில் தெளித்து, துரு எப்போது வருகிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. பாடத்தில் படிக்கிறது எதற்கு என்று அங்கே புரியும். தனிச்செய்தியில் என் எண் அனுப்புகிறேன்.

வில்லிவாக்கம் அம்மா:

பணம் கட்டிவிட்டோம் தம்பி. திங்கட்கிழமை இரவு ரயிலில் நானும் அவளும் போகிறோம். வீட்டுக்காரர் நாத்தனாரிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டார். அசல் சான்றிதழ்களையும் சாதிச் சான்றையும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியில் நாளைக்குத் தருகிறார்களாம். காசிமேடு தம்பி, விடுதிக்கு அன்றைக்கே விண்ணப்பம் கொடுக்கலாமா, தனியாக இன்னொரு நாள் வரச் சொல்வார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

காசிமேடு பையன் பதில்:

அன்றைக்கே கொடுத்துவிடுங்கள் அம்மா. சேர்க்கைக் கட்டண ரசீதின் நகல் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செவ்வாய்க்கிழமை கையெழுத்து வேலையாகக் காரைக்குடி வருகிறேன், அலுவலகத்தில் பார்க்கலாம்.